சமையலுக்கு கேஸ்தான், டாக்டர்

மூன்று டாக்டர்களிடமும் நான் பொய் சொல்லவில்லை. "பீடி, சிகரெட்?" என்று கேட்டார்கள். தொட்டதே இல்லை என்றேன். "வீட்டுல விறகு அடுப்பா, கேஸ் அடுப்பா?" என்று கேட்டார்கள். சமையலுக்கு கேஸ்தான், டாக்டர் என்றேன். இரண்டும் சத்தியம். ஆனாலும் அந்த இரண்டாவது பதிலால் நான் கூடுதலாகப் பல நாள் மூச்சு வாங்கினேன். என் ஒரே மகளின் தலைப்பிரசவம் என் வீட்டில் நடக்குமா நடக்காதா என்பதும் அதனால்தான் அந்தரத்தில் தொங்கியது. இப்போது தேவலை. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்றால் போதும். கை சும்மா இருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் ஒருத்தர் எழுந்து போய்த் தன் வீட்டுப் பின்பக்கத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால் எழுதின கூலி கிடைத்த மாதிரி.

நான் டைலர். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. ஒரு காலத்தில் சஃபாரி சூட் தைத்தவன், இப்போது ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். கடையிலிருந்து வீடு பத்து நிமிட நடை. வீட்டில் நானும் மனைவி கோமதியும்தான். மகள் நித்யாவை ஓசூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். நானும் அளவெடுத்துப் பிழைக்கிறவன் என்பதால் பெண் பார்க்க வந்த அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

நித்யாவுக்கு மாசியில் நாள் குறித்திருந்தார்கள். தை பிறந்ததும் வளைகாப்பு போட்டு, அப்படியே கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. கோமதி ஆறாம் மாதத்திலிருந்தே பழைய வேட்டிகளைத் துவைத்துத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு இருமல் வந்தது.

கார்த்திகை முடிகிற சமயம். பனி இறங்கிவிட்டது, அதுதான் என்று நினைத்தேன். தருமபுரியில் பனிக்காலத்தில் எந்த நோய் வந்தாலும் பழி பனி மேல்தான். காதைச் சுற்றி மஃப்ளர் கட்டினேன். மருந்துக் கடைக்காரர் கொடுத்த சிரப் இரண்டு பாட்டில் காலியானது. ஒருநாள் கடையில் ஒரு டீச்சரம்மாவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். "என்னங்க டைலரே, விசில் மாதிரி ஒரு சத்தம் கேக்குதே" என்றார். மெஷின்தான் என்று எண்ணெய் விட்டேன். சத்தம் போகவில்லை. மெஷினை நிறுத்தினேன். அப்போதும் கேட்டது. டீச்சரம்மா என் நெஞ்சைப் பார்த்தார், ரவிக்கையை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் டாக்டர் சளி என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாவது டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்கும் டிபி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். டிபி என்றால் காசநோய். அதற்குப் பெரிய ஊசியெல்லாம் இல்லை. மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் நெஞ்சிலிருந்து காறி அதில் துப்ப வேண்டும். இப்படி இரண்டு முறை. எச்சில் ஆகாது, சளிதான் வேண்டும். எனக்கு இருமல்தான் வந்தது, சளி வரவில்லை. அந்த டப்பாவை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குளியலறையில் நின்ற நேரம் போல வேறு எப்போதும் நான் என்னை அற்பமாக உணர்ந்ததில்லை.

முடிவு வரும்வரை கோமதி யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்தாள். அதை எனக்குத் தெரியாமல் செய்கிறதாக நினைத்தாள். நித்யா போனில் கேட்டால், "அப்பாவுக்கு லேசா ஜலதோசம்" என்பாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "டிபின்னு சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா புள்ளைய இங்க அனுப்புவாங்களா சொல்லுங்க" என்பாள். எனக்கும் அதுதான் பயம். நோயைப் பற்றிய பயம் அதற்கு அடுத்துதான் வந்தது.

டிபி இல்லை என்று முடிவு வந்தது. கோமதி அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் புறப்பட்டாள். கோயில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பாதி வழியில் எனக்கு நடை ஓடவில்லை. பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தேங்காயைப் பையிலேயே வைத்துக்கொண்டு கோமதி ஆட்டோ பிடித்தாள். அப்படித்தான் நான் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் கொடுத்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மறுபடி இருமல் வரும், விட்டுவிடுகிறேன்.

முதலில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். துணி காயப்போடும் கிளிப் மாதிரிதான் இருக்கும். ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு ஓடுகிறது என்று அது காட்டுமாம். எண்ணைப் பார்த்துவிட்டு நர்ஸ் எதுவும் சொல்லாமல் ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தார். அவர் சொல்லாததே எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு நெபுலைசர். மருந்துத் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் ஆவியாக்கி முகமூடி வழியாக நெஞ்சுக்குள் அனுப்புகிறது. வெள்ளையாகப் புகைந்து வரும். வாழ்நாளில் பீடி குடிக்காதவன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து மூக்காலும் வாயாலும் புகை விட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஊதிப் பார்க்கும் பரிசோதனை. மூச்சை முழுக்க இழுத்து ஒரு குழாயில் விசையோடு ஊத வேண்டும். உள்ளே எவ்வளவு காற்று போகிறது, எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். "இன்னும், இன்னும், இன்னும், விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று ஒரு பெண் ஊக்கம் கொடுத்தது. என் கோடு கொஞ்ச தூரம் ஏறி அப்படியே படுத்துவிட்டது.

டாக்டர் சின்ன வயசு அம்மா. முப்பதுக்குள்தான் இருக்கும். கோட்டைக் காட்டி விளக்கினார். நுரையீரலுக்குப் போகிற சின்னச் சின்னக் குழாய்கள் பல வருடமாகப் புண்பட்டுத் தடித்துச் சுருங்கிவிட்டன. காற்று உள்ளே போய்விடும், வெளியே வரச் சிரமப்படும். இதற்கு இங்கிலீஷில் நான்கு எழுத்துப் பெயர், சிஓபிடி. முழுக்கக் குணமாகாது, ஆனால் மருந்தை ஒழுங்காக இழுத்தால் கட்டுக்குள் நிற்கும். "வழக்கமா இது சிகரெட் புடிக்கிறவங்களுக்கும் விறகு அடுப்புல சமைக்கிற அம்மாக்களுக்கும் வர்றது. நீங்க ரெண்டும் இல்லைங்கிறீங்க" என்றார்.

"சமையலுக்கு கேஸ்தான், டாக்டர்."

"கடையில தூசி?"

"நூல் தூசி இருக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் அவர் மனசுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. "ஊர் பொகைதாங்க டாக்டர்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "பைபாஸ்ல லாரி, தெருமுனையில குப்பை. எல்லாம் நாங்கதான் குடிக்கிறோம்." தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை.

அந்தக் குப்பை கொளுத்துகிற ஆள் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்திருந்தார். மாதப்பன். எங்கள் தெருவைக் கூட்டுகிறவர், இண்டூர்க்காரர், என் வயசுதான் இருக்கும். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து, கூட்டிக் குவித்த தழையையும் பிளாஸ்டிக்கையும் தெருமுனையில் போட்டுத் தீக்குச்சி கிழிப்பார். அதற்காக அவரோடு நான் சண்டை போடாத நாள் குறைவு. வார்டுக்குள் என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது முகமூடிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"வாங்க டைலரே. பொகை போட்டவனும் இங்கதான், பொகை குடிச்சவனும் இங்கதான்."

"போட்டவனுக்கு வந்தது சரி. எனக்கு எதுக்கு வரணும்?" என்றேன்.

"அத சாமியத்தான் கேக்கணும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் உட்கார்ந்தே தூங்கினேன். அவரும் அப்படித்தான். எதிரும் புதிருமாக இரண்டு கிழட்டுக் கோழிகள் மாதிரி இருந்தோம் என்று கோமதி பிறகு சொன்னாள்.

கோமதி தினமும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவாள். ஒரு கையில் கஞ்சி, இன்னொரு கையில் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர். ஆஸ்பத்திரியிலும் வெந்நீர் கிடைக்கும், ஆனால் வீட்டுத் தண்ணீர் குடித்தால்தான் நெஞ்சு இளகுகிறது என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. அதே தண்ணீரில் துண்டை நனைத்து என் முதுகைத் துடைத்துவிடுவாள். மாதப்பனுக்கும் அரை டம்ளர் ஊற்றுவாள். அவர் மனைவி ஊரில் கூலி வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வர முடியும்.

மாப்பிள்ளை மூன்று நாள் லீவு போட்டு வந்தார். எங்கள் வீட்டில் தங்கி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். வரும்போது ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்திருந்தார், அலாரம் கடிகாரம் அளவில். காற்றில் இருக்கிற பொடித் தூசியை எண்ணிக் காட்டுமாம். குழந்தை வரப்போகிற வீடு என்பதால் வாங்கினேன் என்றார். அந்தத் தூசி கண்ணுக்குத் தெரிகிற தூசி இல்லை. தலைமுடியின் தடிமனை முப்பது கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவுதான். மூக்கு முடியில் சிக்காது, தொண்டையில் நிற்காது, நேராக நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். எரிகிற எதிலிருந்தும் அது வரும்.

மூன்றாம் நாள் கிளம்புமுன் என் கட்டிலில் உட்கார்ந்து ஒரு நோட்டைக் காட்டினார். வீட்டு ஹாலில் அந்தப் பெட்டியை வைத்து மணிக்கு மணி எழுதியிருந்தார். கோணல் இல்லாத கையெழுத்து. மூன்று நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு எண் எகிறியிருந்தது. ஏழுக்கு மேல்தான் இறங்கியிருந்தது.

"காலைல என்னமோ கொளுத்துறாங்க மாதிரி இருக்குங்க மாமா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "எங்கம்மா என்ன நெனைக்கிறாங்கன்னா... பிரசவம் ஓசூர்லயே பாத்துக்கலாமான்னு. நீங்களும் இப்படி இருக்குறப்ப அத்தைக்கும் சிரமம். வளைகாப்பு வேணா இங்க வெச்சுக்கலாம்."

சரிங்க மாப்ள, யோசிப்போம் என்றேன். அவர் போனதும் கோமதி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். போய் வெகுநேரம் வரவில்லை. முதல் பேறு அம்மா வீட்டில் என்பது எங்கள் பக்கம் பேசி முடிவு செய்கிற விஷயமே இல்லை, அது கிழக்கே சூரியன் உதிக்கிற மாதிரி. அதற்குத் தடை வந்தால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஊரில் தலை நிமிராது. ஊரை விடுங்கள். எனக்கே என் பிள்ளை வீட்டில் இல்லாமல் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது. பக்கத்துக் கட்டிலில்தான் ஆள் இருக்கிறாரே.

"உன்னாலதான்யா" என்றேன். "நீ வெக்கிற தீயாலதான் எம்பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வூட்டுக்கு வராம நிக்கிறா. உனக்கும் புள்ளைங்க இருக்குதில்ல?"

மாதப்பன் நெபுலைசர் முடியும்வரை பொறுத்திருந்தார். முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

"டைலரே, நான் கொளுத்துறேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். வண்டி வர்லீன்னா குப்பை மறுநாள் ரெண்டு மடங்காவும், மாடு இழுத்துத் தெருவெல்லாம் போடும், முதல்ல கத்துறதும் நீங்கதான். அதுக்காக அது சரின்னு சொல்லல. அதான் நானும் இங்க கெடக்கேன். ஆனா உங்க தெருவ நான் கூட்டி முடிக்கவே ஏழாவும். தீ வெக்கிறது அதுக்கப்புறம். இப்ப எம் பதிலுக்கு வர்ற பொம்பளயும் அப்படித்தான். உங்க மாப்ள எழுதியிருக்கிறது அஞ்சு மணி."

நான் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

"இருட்டுல வர்றவனுக்குக் கண்ணு கெடையாது, மூக்குதான். பைபாஸ்கிட்ட எறங்கினா லாரி டீசல் வாசம். பஸ் ஸ்டாண்டு முக்குல குளுருக்கு டயர் போட்டுக் காய்வாங்க, அது தொண்டையப் புடிச்சுக்கும். பேக்கரிக்குப் பின்னால விறகு. உங்க தெருவுல நொழைஞ்சா வூட்டுக்கு வூடு தண்ணி அடுப்பு. ஒரு வூட்ல தென்னமட்டை, ஒரு வூட்ல அட்டைப்பொட்டி, ஒரு வூட்ல எண்ணெ கவரு. கண்ணக் கட்டி வுட்டாலும் எந்த வூடுன்னு சொல்லுவேன். உங்க வூட்டத் தாண்டுறப்ப மட்டும் துண்ட எடுத்து மூக்கப் பொத்திக்குவேன்."

"எதுக்கு?"

"துணிங்க. பேண்ட்டுத் துணி எரியுற நாத்தம். நீங்க இங்க வந்து படுத்தப்புறமும் வருதுன்னு எம் பதிலுக்குக் கூட்டுற பொம்பள சொல்லுது."

நான் இப்போது அந்த அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பின்பக்கம், குளியலறைச் சுவரை ஒட்டி மூன்று செங்கல் வைத்த தண்ணி அடுப்பு. மேலே பித்தளை அண்டா. வீட்டு வேலை என்று நான் செய்கிற ஒரே வேலை அதுதான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. பனிக்காலத்தில் ஐந்து மணிக்கு எழுந்து மூட்டிவிடுவேன், ஆறு மணிக்கு எல்லோருக்கும் குளிக்கச் சுடுதண்ணீர். கோமதி தன் தங்கையிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதும் அந்த ஒன்றைத்தான். கடையில் மிஞ்சுகிற வெட்டுத் துண்டுகள் ஒரு மூட்டை சேர்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுவருவேன். யூனிஃபார்ம் துணி முக்கால்வாசி பாலியஸ்டர், பிளாஸ்டிக்குக்குத் தம்பி. ஒரு கைப்பிடி போட்டால் குப்பென்று பிடிக்கும், கால் மணி நேரத்தில் அண்டா கொதிக்கும். ஒரு துண்டுகூட வீணாக்காத டைலர் என்று எனக்கு நானே மெடல் குத்திக்கொண்டிருந்தேன்.

டாக்டர்கள் அடுப்பைக் கேட்டபோது அது எனக்கு ஞாபகமே வரவில்லை. மறைக்கவில்லை. அடுப்பு என்றால் சோறு வேகிற இடம், சமையலறையில் இருப்பது. பின்பக்கத்தில் இருப்பது தண்ணீர் காய்கிற இடம். அதைப் போய் யாராவது அடுப்புக் கணக்கில் சேர்ப்பார்களா. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

மறுநாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு வருசமா?"

"துணி போடுறது ஒரு இருபத்தஞ்சு வருசமா இருக்கும்."

"குனிஞ்சு ஊதுவீங்களா?"

"ஊதாம எப்படிங்க எரியும்?"

அவர் திட்டவில்லை. பனிக்காலத்தில் ஏன் மோசம் என்று விளக்கினார். வெயில் காலத்தில் தரை சூடாகி, காற்று மேலே ஏறும், புகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பனிக்காலத்து விடியலில் தரை குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த காற்று கீழேயும் அதைவிடச் சூடான காற்று மேலேயும் இருப்பதால், பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். காற்றோட்டமும் இருக்காது. லாரிப் புகை, குப்பைப் புகை, டயர், வீட்டுக்கு வீடு தண்ணி அடுப்பு எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். நாம் பனி மூட்டம் என்று சொல்லி ரசிப்பதில் பாதி அதுதான். "உங்க அடுப்பு மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "ஊர் பொகையும் சேந்ததுதான். ஆனா ஊரை நீங்க நாளைக்கே நிறுத்த முடியாது. இதை முடியும்."

எழுந்தவர், அடுத்த கட்டிலுக்குப் போகாமல் வார்டின் நடுவில் நின்றார். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. சமையலை விட்டுடுங்க. குளிக்கிறதுக்குத் தண்ணி எதுல காய வெக்கிறீங்க?" என்று கேட்டார். ஏரியூரிலிருந்து வந்திருந்த ஒருத்தர், "அது வெளிய இருக்குங்களே டாக்டர்" என்றார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை கோமதி ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றாள். மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது. முதல் தடவையாக அவள் இருமுவதை நான் கவனித்தேன். எப்போதும் இருமுகிறவள்தான், முந்தானையை வாயில் வைத்துச் சத்தம் வராமல் இருமுவாள்.

"இந்தத் தண்ணி எதுல காய வெச்ச?"

"நம்ம அண்டாவுலதான். நீங்க இல்லேன்னா நான் மூட்ட மாட்டேனா? மூட்டையில துணி இருந்துச்சு. மாப்ள வந்தப்பவும் மூணு நாளும் மூட்டினேன். வந்த மனுசன் பச்சத் தண்ணியிலயா குளிப்பாரு?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு துண்டு வீணாகக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே" என்றாள். குறை சொல்லும் குரலில் இல்லை. நடந்ததைச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு மாதப்பனிடம் திரும்பி, "உங்களயும் தினம் மூக்கப் பொத்த வெச்சிட்டோமேண்ணே" என்றாள். அவர் பதறிப்போய், "அய்ய, வுடுங்கம்மா" என்றார்.

இனி மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வழி இருந்தது. அடுப்பைச் சத்தமில்லாமல் இடித்துவிட்டு, ஊர்க் காற்று இப்போது தேவலை, பெட்டியை வைத்துப் பாருங்கள் என்று சொல்லலாம். எண் இறங்கியிருக்கும், மானமும் போகாது. மாமனாராக இருந்துகொண்டு மாப்பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொள்வது சாதாரணம் இல்லை. அந்த யோசனையிலேயே ஒரு பகல் போனது. மாதப்பன்தான், "சொல்லிடுங்க டைலரே. பொகைய மூட்டைகட்டி வெக்க முடியாது" என்றார். "சொல்றேங்க" என்றேன். அவருக்கு நான் 'ங்க' போட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை.

போன் போட்டேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "மொத நாளே தெரியும். காலைல பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அத்தை கண்ணெல்லாம் செவந்து போய் எனக்குன்னு தண்ணி காய வெச்சுட்டு இருந்தாங்க. அத எப்படிங்க தப்புன்னு சொல்றது? அதான் ஊர் மேல போட்டேன்."

"நானும் அதேதான் பண்ணேன் மாப்ள."

"இன்னொண்ணு கேக்கணுங்க மாமா. நித்யாவுக்குச் சின்ன வயசுல பனி ஒத்துக்காதுன்னு சொல்லுவீங்க. வருசா வருசம் மார்கழி ஆனா இழுப்பு வரும்னு. கட்டிக் குடுக்கறப்பவும் சொல்லித்தான் குடுத்தீங்க. ஓசூர்ல தருமபுரிய விடக் குளுருங்க. மூணு பனிக்காலம் ஆச்சு. ஒரு நாள் அவளுக்கு இழுப்பு வரல."

போனை எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

நித்யாவுக்கு ஐந்து வயதிலிருந்து மார்கழி வந்தால் நெஞ்சு இழுக்கும். குளிர் என்று நினைத்து, அவளுக்காகவே இன்னும் சீக்கிரம் எழுந்து அடுப்பை மூட்டுவேன். தண்ணீர் சட்டென்று சுட வேண்டும் என்று இன்னும் ஒரு கைப்பிடி துணி போடுவேன். கதகதப்பாக இருக்கட்டும் என்று குழந்தையைப் போர்வையோடு தூக்கிவந்து அந்த அடுப்புக்கு எதிரில்தான் உட்கார வைப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு சரியானதும், தாலி ஏறினால் உடம்பு தேறும் என்று கோமதி சொன்னாள், நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளில் நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான். மாதப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார், நான் யார் கண்ணிலும் படாமல் அழட்டும் என்று.

மூன்று நாள் கழித்து அனுப்பினார்கள். தினமும் காலையும் மாலையும் இழுக்க ஒரு இன்ஹேலர். இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். வீட்டுக்குப் போனதும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு அந்தச் செங்கல் மூன்றையும் நானே பிரித்தேன். சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி ஏறியிருந்தது. வெள்ளையடித்தவர் மூன்று கை அடித்தும் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. வெட்டுத் துண்டுகளை இப்போது மெத்தை தைக்கிற ஒருத்தர் வந்து எடுத்துப்போகிறார். மாப்பிள்ளை தூசி எண்ணுகிற அந்தப் பெட்டியை எங்களுக்கே அனுப்பிவிட்டார். ஐந்து மணிக்கு எண் இன்னும் ஏறத்தான் செய்கிறது, தெருவில் மற்ற வீடுகள் இருக்கின்றனவே. ஆனால் பழைய ஏற்றம் இல்லை. நான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்கிறேன். "டைலருக்கு ஆஸ்பத்திரி போய்ட்டு வந்து ஞானம் வந்துடுச்சு" என்று சிரிக்கிறார்கள். நேற்றுவரை ஊரிலேயே பெரிய புகை போட்டவன் உபதேசம் செய்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். எதிர் வீட்டில் மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். மாதப்பன் வேலைக்குத் திரும்பிவிட்டார். தழையைத் தனியாகக் குவித்து எங்கள் வீட்டோரம் ஒரு குழியில் போடுகிறார், தீ வைப்பதில்லை. பிளாஸ்டிக்குக்கு வண்டி வராத நாளில் என்னையே போன் போட வைக்கிறார்.

தையில் வளைகாப்பு நடந்தது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அந்த நோட்டோடு பின்பக்கம் போய் நின்றார். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நானும் கோமதியும் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி நின்றோம். உள்ளே வந்து நித்யாவின் துணிப்பெட்டியை அவரே எடுத்து அறையில் வைத்தார்.

மாசியில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், வழக்கம்போல ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. நித்யா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"உனக்குச் சின்ன வயசுல பனி ஒத்துக்காதுன்னு சொல்லுவோமில்ல."

"ஆமாப்பா."

"அது பனி இல்ல சாமி. நான்தான். அந்த அடுப்பு."

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "தெரியும். அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா இங்க வந்த?"

"பின்ன? எனக்குத் தண்ணி காய வெச்சுக் குடுக்க வேற யாருப்பா இருக்கா?"

சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, பித்தளை அண்டாவை கேஸ் அடுப்பில் ஏற்றினேன். துணி போட்டால் கால் மணியில் கொதிக்கிற அண்டா, கேஸில் முக்கால் மணிக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காத்திருந்தேன்.